மைக்கை அழுத்தினால் அணைந்த செட்டு: காசிமேட்டுப் பட்டறையில் எங்கள் லாஞ்சு போர்டு ரிப்பேர்

போன மார்கழியில் ஒரு ராத்திரி, எங்கள் மீன்பிடி லாஞ்சு எண்ணூருக்கு நேர் கிழக்கே மடியை, அதாவது இழுவலையை, ஏற்றிவிட்டு இன்ஜினை அணைத்து மிதந்துகொண்டிருந்தது. காமராஜர் துறைமுகத்தைப் பார்த்து ஒரு சரக்குக் கப்பல் வந்தது. என் தம்பிதான் டிரைவர். விஎச்எஃப் ரேடியோ செட்டில், எல்லாரும் கேட்கிற அழைப்புச் சேனலான 16-ஆம் சேனலில் கப்பலைக் கூப்பிட மைக் பொத்தானை அழுத்தினான். செட்டு அணைந்துவிட்டது. விரலை எடுத்தால் உயிர் வந்தது, அழுத்தினால் மறுபடி அணைந்தது. மற்றவர்கள் பேசுவது எல்லாம் அவனுக்குக் கேட்டது. அவன் குரல் யாருக்கும் போகவில்லை. கடைசியில் இன்ஜினைக் கிளப்பி வழியை விட்டு விலகினார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் செட்டு ஒழுங்காகப் பேசியது. லாஞ்சில் எட்டுப் பேர் இருந்தார்கள். இதை அவன் என்னிடம் சொன்னது கரைக்கு வந்து மூன்றாம் நாள், புது பேட்டரிக்குப் பணம் கேட்டபோது.

நைனா முட்டி வலியால் தொழிலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து லாஞ்சின் கணக்கு என்னிடம். டீசல், ஐஸ், வலை, ஆட்களின் பங்கு எல்லாம் என் நோட்டில்தான் ஏறும். தம்பி பேட்டரி கேட்டதும் நோட்டைப் புரட்டினேன். மூன்று வருஷத்தில் ஐந்து பேட்டரி வாங்கியிருக்கிறோம். எங்களுடையது 24 வோல்ட் லாஞ்சு, இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்து ஓடுகிறது. அந்த ஐந்தில் நாலு, நெகட்டிவ் பக்கம் இருக்கும் பேட்டரிக்கு மாற்றாக வாங்கியது. ஒரே இடத்தில் இருக்கும் பேட்டரி மட்டும் திரும்பத் திரும்பச் சாகிறது என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கே என்று சொல்ல எனக்குத் தெரியாது.

மீன்பிடித் தடைக்காலம் வரை பொறுத்தோம். ஏப்ரல் 15-க்கு லாஞ்சு யார்டில் ஏறியதும் முதலில் ஒரு பெரிய கடையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். சுவிட்சும் பியூஸும் இருக்கும் கரண்ட் போர்டின் கதவைக்கூடத் திறக்கவில்லை. வெளியே துருப்பிடித்த ஆணிகளைப் பார்த்துவிட்டு, முழு போர்டையும் தூக்கிப் போட்டுப் புதிது வைக்க 62,000 ரூபாய் என்றார். எந்தப் பொருள் ஏன் கெட்டது என்று கேட்டதற்கு, "உப்புக் காத்துல எல்லாம் போயிரும் மேடம்" என்பதுதான் பதில். அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தாலும் எங்கள் செட்டு பேசியிருக்காது. அது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

எங்களுக்குப் பலகை மாற்றிக்கொண்டிருந்த ஓடாவிதான், படகுத் தச்சர்தான், இந்தப் பட்டறையைச் சொன்னார். காசிமேடு துறைமுக வாசலிலிருந்து நடந்து போகிற தூரம். பெயர்ப்பலகை கிடையாது. பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று பட்டறைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார், தடைக்காலத்தில் வருகிற வேலையையே அவரால் முடிக்க முடிவதில்லை. யார்டில் கப்பல் எலெக்ட்ரீஷியன் என்று கேட்டால் காட்டுவார்கள். பல வருஷம் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், வயது அறுபதுக்கு மேல். அவர் செய்த வேலையை விவரமாகவே எழுதுகிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் ஆளிடம் இதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் அவர் கொண்டு வந்தவை ஒரு மல்டிமீட்டர், நீள வயர் ஒன்று, ஒரு லாரி ஹெட்லைட் பல்பு. ஸ்குரூ டிரைவரை எடுக்கவே இல்லை. "எல்லா லைட்டையும் போடு தம்பி, இன்ஜின் வேண்டாம்" என்றார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையில் வைத்தார். இன்னொரு முனையை, நீள வயர் போட்டு, கேபினில் இருக்கும் போர்டின் நெகட்டிவ் பட்டையில் வைத்தார். இரண்டும் ஒரே கேபிளின் இரண்டு முனை. நடுவில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 1.5 வோல்ட் காட்டியது. இப்போது மைக்கை அழுத்து என்றார். 2.1 ஆனது, செட்டு அணைந்தது. நான் பக்கத்தில் நின்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து விளக்கினார். 25 வாட் விஎச்எஃப் செட்டு சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட இழுக்காது. பேசும்போது ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்காவது கெட்ட இணைப்பு இருந்தால் கேட்பதற்குத் தேவையான கரண்ட் நுழைந்துவிடும், பேசுவதற்குத் தேவையானது நுழையாது. பகலில் பேசிய செட்டு ராத்திரி பேசாததற்கும் அதுதான் காரணம். ராத்திரி எல்லா லைட்டும் எரியும், அந்தக் கரண்டும் அதே நெகட்டிவ் கேபிள் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இன்ஜின் ஓடினால் டைனமோ வோல்ட்டேஜைத் தூக்கிவிடுவதால் குறை தெரியாது. அதனால்தான் வந்து பார்த்த ஒவ்வொருவரும் பேட்டரி வீக் என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வருஷம் நாங்களும் அதை நம்பினோம்.

அடுத்து மாஸ்ட்டின், அதாவது கம்பத்தின், மேலே இருக்கும் உச்சி விளக்கில் மீட்டரை வைத்தார். பேட்டரி இரண்டும் சேர்ந்து 24.1. விளக்குக்குப் போய்ச் சேர்ந்தது 21.7. பத்தில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் போனால் வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நான் நினைத்தேன். இழை பல்பில் அப்படி இல்லையாம். வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். எங்கள் லாஞ்சு 60 அடி. இந்த அளவுப் படகின் பக்கவாட்டு விளக்குகள், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, குறைந்தது 2 கடல் மைல் தெரிய வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இருக்கிறது. மடி இழுக்கும்போது மேலே பச்சையும் கீழே வெள்ளையும் எரிய வேண்டும். நம் ஆட்கள் விளக்கு எரிகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எங்கள் விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. சென்னைத் துறைமுகம், காட்டுப்பள்ளி, எண்ணூர் என்று மூன்று துறைமுகத்துக்கும் கப்பல் போகிற தண்ணீரில் மங்கிய விளக்கோடு என் தம்பி எத்தனை ராத்திரி கிடந்தான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பேட்டரிப் பக்கம் போய்விட்டார்.

பேட்டரி சாகிற காரணத்தையும் அங்கேதான் கண்டுபிடித்தார். செட்டும் ஜிபிஎஸ்ஸும் 12 வோல்ட் சாமான்கள். முன்னால் வேலை பார்த்தவர், இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பிலிருந்து ஒரு வயரை எடுத்து அவற்றுக்குக் கொடுத்திருந்தார். அப்படியானால் அந்தச் சாமான்கள் எல்லாம் நெகட்டிவ் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும் குடிக்கும். டைனமோவுக்கு இது தெரியாது, இரண்டையும் சேர்த்து ஒன்றாகத்தான் நினைத்து ஏற்றும். குடித்த பேட்டரி நிறையாமலே கிடக்கும். குடிக்காத பேட்டரிக்கு அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் கொதித்துப் போகும். மீட்டர் அதையே காட்டியது: ஒன்று 11.7, மற்றது 12.4. பாசிட்டிவ் பக்கத்துப் பேட்டரிக்கு மாதா மாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருப்பதாகத் தம்பி அப்போதுதான் சொன்னான். என் நோட்டில் அந்தத் தண்ணீர் கேன் செலவும் இருக்கிறது. 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, நடு இணைப்பிலிருந்து வந்த வயரைக் கழற்றிவிட்டால் இது தீர்ந்தது. கன்வெர்ட்டர் 3,600 ரூபாய். ஒரு பேட்டரி விலையில் பாதிகூட இல்லை. 24 வோல்ட் லாஞ்சு வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது உடனே பாருங்கள்.

இரண்டாம் நாள்தான் போர்டைத் திறந்தார். நெகட்டிவ் பட்டையில் செம்புக் கேபிளின் முனையில் மாட்டும் லக் அலுமினியத்தில் போட்டிருந்தது. அதைத் தொட்டதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உப்பு ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். பாசிட்டிவ் பக்கம் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வயர் ஒன்றின் மேல் தோலைச் சீவினார், உள்ளே இழை கறுப்பாக இருந்தது. இன்னும் ஒரு விரல் நீளம் சீவினார், அங்கேயும் கறுப்புத்தான். வீட்டுக்குப் போடும் சாதா செம்பு வயரில் ஈரம் முனை வழியாக ஏறி உள்ளேயே அரிக்கும், வெளியே தோல் புதிதாகவே தெரியும். ஒவ்வொரு இழைக்கும் ஈயப்பூச்சு கொடுத்த வயர்தான் படகுக்கு ஆகும்.

மூலையில் நாலு இணைப்பின் மேல் யாரோ வெள்ளை சிலிக்கான் பசையை அப்பியிருந்தார்கள். தண்ணீர் போகாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். பூசும்போது காடி வாசனை அடிக்கிற சிலிக்கான் செம்பையே தின்றுவிடுமாம், காய்கிறபோது அதிலிருந்து அமிலம் வருகிறது. பசையை உரித்தால் அடியில் ஆணித் தலையே காணோம். இன்னொரு இடத்தில் பியூஸ் கிளிப்பில் பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டி வைத்திருந்தது. யார் வைத்தது என்று தம்பியிடம் நான் கேட்கவில்லை. நடுக்கடலில் பியூஸ் போய்க் கையில் மாற்று இல்லையென்றால் மனிதன் என்ன செய்வான். மாற்று பியூஸ் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியது நான். பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், சாமானை அல்ல என்று அண்ணன் சொன்னார். அதனால் வயரின் கனத்துக்கு ஏற்ற பியூஸ் போட வேண்டும். மெல்லிய வயருக்கு 30 ஆம்பியர் பியூஸ் போட்டால் வயர்தான் முதலில் எரியும், மரப் படகில் அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் போடும் எம்சிபி பிரேக்கர்கள், கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்சுகள், ஆறு இருந்தன. அவற்றையும் கழற்றினார். வீட்டு மின்சாரம் ஒரு விநாடியில் நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரி மின்சாரத்தில் அந்தப் பூஜ்யமே இல்லை, பொறி நீண்டு நின்று உள்ளே கருக்கும். டிசி வோல்ட்டேஜ் அச்சிட்ட பிரேக்கர்தான் வேண்டும் என்று பன்னிரண்டு வாங்கிப் போட்டார்.

கழற்றியதை எல்லாம் அவர் எறிந்துவிடவில்லை, அதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் மெயின் சுவிட்ச் கனமான பித்தளை. 2004 சுனாமியில் உடைந்த எங்கள் பழைய லாஞ்சிலிருந்து நைனா கழற்றி எடுத்து வைத்து, இந்த லாஞ்சில் மாட்டியது. பெரிய கடைக்காரர் அதையும் சேர்த்துத்தான் 62,000 என்றிருந்தார். அண்ணன் அதைப் பிரித்து, நைஸ் எமரித் தாளால் தொடும் இடங்களைத் தேய்த்து, பழைய ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, லாரி பல்பை எரியவிட்டு இரு முனைக்கும் நடுவே அளந்தார். 0.02 வோல்ட். "இது இருக்கட்டும்மா, இது மாதிரி இப்ப வராது" என்றார். நைனாவை ஆட்டோவில் யார்டுக்குக் கூட்டி வந்து காட்டினேன். சுவிட்சை நாலு தடவை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

புது வேலையின் தரத்தைப் பற்றி. லக் எல்லாம் ஈயப்பூச்சுச் செம்பு, அளவான குறடால் அழுத்தியது, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கிச் சுருக்கியது. ஈயம் மட்டும் வைத்து ஒட்டினால் ஈயம் முடிகிற இடத்தில் இழை விறைத்துவிடும், இன்ஜின் அதிர்வில் அங்கேயே ஒடியும் என்றார். வயர்கள் போர்டுக்குள் அடியிலிருந்து நுழைகின்றன, நுழையும் முன் ஒரு வளைவு தொங்குகிறது. வயரோடு வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் அடித்தண்ணீர் பம்பு மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரியிலிருந்து, தனி பியூஸோடு. லாஞ்சு துறைமுகத்தில் ஆள் இல்லாமல் கிடக்கும்போதும் மிதவை தூக்கினால் பம்பு ஓட வேண்டும். அந்தப் பியூஸ் பேட்டரித் தலையிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் ஏபிஒய்சி என்ற படகுத் தர அமைப்பின் விதி அது என்றார். விளக்குகளுக்கு வழியில் 3 சதவீதத்துக்கு மேல் வோல்ட்டேஜ் விழக்கூடாது என்பதும் அவர்கள் விதிதான், எங்கள் 24 வோல்ட்டில் அது 0.72. வேலை முடிந்து அளந்தபோது உச்சி விளக்கில் விழுந்தது 0.6. மைக்கை அழுத்தினால் நெகட்டிவ் கேபிளில் 0.07.

தம்பிக்கு எல்லா விளக்கையும் எல்ஈடியாக மாற்ற ஆசை. அண்ணன் மறுக்கவில்லை, சோதித்துக் காட்டினார். செட்டில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் லேசாக நிற்கும் அளவுக்கு வைத்துவிட்டு, தம்பி வாங்கி வந்த மலிவு எல்ஈடி விளக்கை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் எரிய வைத்தார். இரைச்சல் திரும்பி வந்தது. அப்படியானால் தூரத்துக் குரல் அதில் மூழ்கிப்போகும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையே 2018-இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. விளக்கு கடைக்குத் திரும்பிப் போனது.

மொத்தச் செலவு 35,400 ரூபாய். அதில் கூலி 12,000, வயர் மட்டும் 9,800. சாமானுக்குக் கடை பில் ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்தார், தனக்கென்று அதில் எதுவும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஐந்து நாள் என்று சொல்லிப் பதினொரு நாள் எடுத்தார். நடுவில் மூன்று நாள் போனை எடுக்கவில்லை, வேறு லாஞ்சில் வேலை செய்துகொண்டிருந்தார். ஜூன் 14 நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. வேலை முடியாவிட்டால் தடை முடியும் நள்ளிரவில் எல்லா லாஞ்சும் கிளம்பும்போது எங்களுடையது மட்டும் கரையில் நின்றிருக்கும். மே மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் உத்தரவாதம் கிடையாது, "ஒரு வருஷத்துக்குள்ள ஏதாச்சும்னா வாங்கம்மா" என்ற வாய்வார்த்தைதான். பழைய ஆணித் துளைகளை அடைக்காமல் விட்டிருந்தார், ஓடாவியிடம் சொல்லி அடைத்தேன். பெரிய குறை ஒன்று: பிரேக்கர்களின் பெயரை ஆங்கிலத்தில் மார்க்கரால் எழுதியிருந்தார். எங்கள் ஆட்களில் ஐந்து பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, மார்க்கரும் ஒரே மாதத்தில் அழிந்தது. இருட்டில் டிரைவர் அல்லாத ஒருவர் ஓடி வந்து பம்பைப் போட வேண்டியிருந்தால் என்ன செய்வார்? நானே பெயின்ட் வாங்கி உச்சி விளக்கு, இழுவைப் பச்சை, இழுவை வெள்ளை, சிவப்பு, பச்சை, பின் விளக்கு, செட்டு, எக்கோ (ஆழம் பார்க்கும் கருவி), பம்பு என்று தமிழில் எழுதினேன். இதை அவரிடம் சொன்னேன். அடுத்த லாஞ்சிலிருந்து தமிழிலும் எழுதுவதாகச் சொன்னார். ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை கொடுப்பேன், அரையைத் தாமதத்துக்காகக் குறைக்கிறேன்.

அவர் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிய ஒரு தாள். எந்த வயர் எங்கே போகிறது, எத்தனை ஆம்பியர் பியூஸ், வேலை முடிந்த அன்று எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்று கையால் எழுதி லேமினேட் செய்தது. ரிச்சி தெருவில் 600 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன். லாஞ்சு கரைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் இன்ஜினை அணைத்து, எல்லா லைட்டையும் போட்டு, தம்பியை மைக்கை அழுத்தச் சொல்லி அந்தத் தாளில் இருக்கும் அதே இடங்களில் அளக்கிறேன். பத்து நிமிஷ வேலை. இதுவரை நாலு தடவை கடலுக்குப் போய் வந்துவிட்டார்கள். நெகட்டிவ் கேபிள் இன்னும் 0.07 தான். இரண்டு பேட்டரியும் 12.6-இல் சமமாக நிற்கின்றன, தண்ணீர் கேன் வாங்கவே இல்லை.

மாஸ்ட்டுக்கு மேலே ஏறும் வயரை மட்டும் இந்த வருஷம் மாற்றவில்லை. மிச்சம் விழுகிற 0.6-இல் 0.5 அதில்தான் விழுகிறது. இந்த சீசன் தாங்கும், அடுத்த தடைக்காலத்தில் மாற்றிவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்கான 14 மீட்டர் ஈயப்பூச்சு வயரை இப்போதே வாங்கி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்.